நீர் வற்றினாலும் உரிமை வற்றாது

நீரை அளவோடு தருபவன் அல்லாஹ்வே. தந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள வல்லவனும் அவனே. இந்த உண்மையை ஒவ்வொரு கோடையும் நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. பங்குனி பிறந்துவிட்டால் ஏரிகளும் குளங்களும் சுருங்கத் தொடங்குகின்றன. நேற்று வரை நீர் நின்ற இடத்தில் இன்று வண்டல் வெடித்துக் கிடக்கிறது. மேட்டூர் அணையில் நீர் மிகவும் குறையும் ஆண்டுகளில், 1934-ல் அணை எழுந்தபோது மூழ்கிய ஊர்களின் நந்தி சிலையும் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் வெளியே தலை காட்டுவதைப் பலரும் சென்று பார்க்கிறார்கள்.

இப்படி நீர் விலகிய தரையில் ஒரு மோதிரமோ, சங்கிலியோ, பழைய நாணயமோ அகப்பட்டால் அது யாருக்குச் சொந்தம்? கண்டவருக்கா, தவறவிட்டவருக்கா, நிலத்துக்கு உரியவருக்கா, அரசாங்கத்துக்கா? முன்பு இது எப்போதோ ஒருவருக்கு எழும் கேள்வியாக இருந்தது. இன்று மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டிக் கொடுக்கும் கருவி கடையில் விலைக்குக் கிடைக்கிறது. மேல்நாடுகளில் இதை ஒரு பொழுதுபோக்காகவே பலர் கொண்டிருக்கிறார்கள். நீர் குறையும் பருவத்தைக் காத்திருந்து, கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிறார்கள். நம் பிள்ளைகளும் அந்நாடுகளில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். ஆகவே இதுபற்றிய மார்க்கச் சட்டத்தை நம் இல்லங்களில் உள்ளோர் அறிந்திருப்பது அவசியமாகிறது.

ஓர் ஏரி சொல்லும் செய்தி

அமெரிக்காவில் நெவாடா, அரிசோனா ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில் மீட் ஏரி என்றொரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. கொலராடோ ஆற்றின் குறுக்கே 1935-ல் கட்டி முடிக்கப்பட்ட ஹூவர் அணையால் உண்டானது அது. 1865-ல் குடியேற்றம் கண்ட செயின்ட் தாமஸ் என்னும் சிற்றூர் அந்த நீரில் மூழ்கிற்று. 1938-ல் கடைசிக் குடியிருப்பாளரும் ஊரை விட்டு வெளியேறினார். 1983-ல் நிரம்பி வழிந்த அதே ஏரி, நீண்ட வறட்சியின் காரணமாக 2022 ஜூலையில் கடல் மட்டத்திற்குமேல் சுமார் 1,040 அடி என்ற அளவுக்கு இறங்கியது. முதன்முதல் நிரப்பப்பட்ட 1930-களுக்குப் பிறகு அந்த ஏரி அவ்வளவு தாழ்ந்ததில்லை. பின்னர் நீர் ஓரளவு ஏறிவிட்டது.

அந்த 2022-ஆம் ஆண்டில் ஏரி எதையெல்லாம் வெளியே காட்டிற்று? மூழ்கிய படகுகளைக் காட்டிற்று. மே 1-ஆம் தேதி, சேற்றில் புதைந்திருந்த ஒரு பீப்பாயில் மனித உடலின் எச்சத்தைக் காட்டிற்று. துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தவர் அவர். உடைகளையும் காலணியையும் கொண்டு, 1970-களின் நடுப்பகுதிக்கும் 1980-களின் தொடக்கத்துக்கும் இடையே நேர்ந்த கொலை என அதிகாரிகள் கணித்தார்கள். அதே கோடையில் கிடைத்த வேறு எலும்புகள், 2002-ல் அந்த ஏரியில் மூழ்கி இறந்த ஒருவருடையவை என்று அடையாளம் காணப்பட்டன. இருபது ஆண்டுகள் ஒரு குடும்பம் விடை தெரியாமல் இருந்தது. நீர் இறங்கியபோதுதான் அவர்களுக்கு விடை கிடைத்தது.

இதை நாம் இங்கே எடுத்துச் சொல்வது கதை சொல்வதற்காக அல்ல. நீருக்கடியில் கிடப்பவை எல்லாம் உரிமையாளர் இல்லாத பொருள்கள் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய பிழை என்பதைச் சுட்டுவதற்காகவே. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். அவருக்கு மனைவி மக்கள் இருந்தார்கள். வாரிசுகள் இன்றும் இருக்கக் கூடும். நீர் ஒரு பொருளை மறைக்கிறது, அவ்வளவுதான். அதன் மீது உள்ள உரிமையை நீர் கரைத்துவிடுவதில்லை.

கருவி சொல்வதும் சொல்லாததும்

உலோகம் காட்டும் கருவியின் வேலை எளிதானதே. நீண்ட கோலின் முனையில் தட்டுப் போன்ற வளையம் ஒன்று இருக்கிறது. அதற்குள் கம்பிச் சுருள். மின்சாரம் அதில் மாறி மாறிப் பாயும்போது தரைக்குள் காந்தப் புலம் பரவுகிறது. அங்கே உலோகம் எதுவும் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் எழும்புகிறது. அதை மற்றொரு சுருள் உணர்ந்து ஓசை எழுப்புகிறது. நாணயம் அளவுள்ள பொருளைப் பெரும்பாலும் ஒரு சாண் ஆழம் வரைதான் அதனால் காட்ட முடியும். தங்க மோதிரமும், குளிர்பானக் குவளையிலிருந்து பிய்த்தெறியப்பட்ட அலுமினிய வளையமும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓசையைத் தருவதுண்டு. ஆகவே ஓசை கேட்டதும் தோண்டிப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும், செம்பு பச்சை பூக்கும், தங்கமோ கெடுவதில்லை. நாற்பது ஆண்டுகள் சேற்றில் கிடந்த தங்க மோதிரமும், நான்கு நாட்களுக்கு முன் விழுந்த மோதிரமும் கழுவிப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். இங்கே உலோகம் இருக்கிறது என்று சொல்வதோடு கருவியின் வேலை முடிந்துவிடுகிறது. அது யாருடையது, எப்போது விழுந்தது, எடுக்கலாமா என்று அது சொல்வதில்லை. கருவி ஓய்ந்த இடத்தில்தான் ஷரீஅத்தின் கேள்வி தொடங்குகிறது.

இருவகைப் பொருள்கள்

மார்க்கச் சட்ட நூல்கள் இத்தகைய பொருள்களை இரண்டு பெயர்களில் பிரித்துப் பேசுகின்றன. ஒருவர் தவறவிட்டு, மற்றவர் கண்டெடுக்கும் பொருளுக்கு லுகத்தா என்று பெயர். முற்காலத்தார் மண்ணில் புதைத்து வைத்த செல்வத்துக்கு ரிகாஸ், அதாவது புதையல் என்று பெயர். இரண்டுக்கும் சட்டம் வேறு. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது நிலையும் உண்டு. மோதிரத்தில் பெயர் பொறித்திருக்கிறது, அல்லது இன்னார் இந்தத் துறையில் தவறவிட்டார் என்பது ஊருக்கே தெரியும் என்றால் அங்கே ஆராய்ச்சிக்கே இடமில்லை. உரியவரிடமோ, அவர் இறந்திருந்தால் வாரிசுகளிடமோ சேர்ப்பித்துவிட வேண்டியதுதான். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அன்னிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் இட்ட கட்டளை இதற்குப் போதும்.

கண்டெடுத்த பொருளின் சட்டம்

கண்டெடுத்த பொருளைப் பற்றி ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டபோது, அதன் பையையும் அதைக் கட்டியிருக்கும் கயிற்றையும் நன்கு அடையாளம் பார்த்து வைத்துக்கொண்டு, ஓராண்டு காலம் அதுபற்றி அறிவிக்கும்படி பணித்தார்கள். ஸைத் இப்னு காலித் அல்ஜுஹனீ (ரலி) அவர்கள் வாயிலாக புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. நூறு தீனார்கள் அடங்கிய பையைக் கண்டெடுத்த உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடமும் அறிவிக்கும்படியே நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். வேறொரு ஹதீஸில், கண்டெடுத்தவர் நேர்மையான சாட்சியை வைத்துக்கொள்ள வேண்டும், மறைக்கலாகாது என்று போதித்தார்கள். சாட்சி எதற்கு? எடுத்தவர் திடீரென இறந்துபோனால் வாரிசுகள் அதனைத் தந்தையின் சொத்து என்று எண்ணிப் பங்கு போட்டுவிடக் கூடாது. மேலும் நாளடைவில் தன் நெஞ்சமே தன்னை ஏமாற்றாதிருக்கவும் அது காவலாகும்.

ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் அறிவிக்கும் முறையையும் வகுத்துத் தந்துள்ளன. முதலில் நாள்தோறும் காலையும் மாலையும், பின்னர் நாளுக்கு ஒருமுறை, அதன்பின் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என ஓராண்டு நிறைய வேண்டும். எடுத்த இடத்திலும், கடைத்தெருக்களிலும், பள்ளிவாசல்களின் வாயில்களிலும் அறிவிக்க வேண்டும். பள்ளியின் உள்ளே வேண்டாம். தொலைந்த பொருளைப் பள்ளிக்குள் கூவித் தேடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்திருக்கிறார்கள். அறிவிக்கும்போது பொருளின் எல்லா அடையாளங்களையும் வெளியிட்டுவிடவும் கூடாது. ஏரியில் ஒரு மோதிரம் கிடைத்தது என்று சொன்னால் போதும். எத்தனை கல், உள்ளே என்ன எழுத்து என்பதைக் கேட்டு வருபவர்தான் சொல்ல வேண்டும்.

எல்லாப் பொருளுக்கும் ஓராண்டு வேண்டியதில்லை. தெருவில் கிடந்த ஒரு பேரீச்சம்பழத்தைப் பார்த்த நாயகம் (ஸல்) அவர்கள், அது ஸதகாவைச் சேர்ந்ததாக இருக்குமோ என்ற அச்சம் இல்லாவிட்டால் உண்டிருப்பேன் என்ற கருத்தில் கூறினார்கள். யாரும் தேடி வராத அற்பப் பொருளுக்கு அறிவிப்பு இல்லை என்பதை அறிஞர்கள் இதிலிருந்து விளக்குவர். துருப்பிடித்த ஆணியும் தூண்டில் ஈயமும் இவ்வகையைச் சேர்ந்தவை. விலை குறைந்த, ஆனால் அற்பமென்று தள்ளிவிட முடியாத பொருளை, அதனை இழந்தவர் தேடுவதை விட்டிருப்பார் என்று தோன்றும் காலம் வரை அறிவித்தால் போதும்.

ஓராண்டு கழிந்தும் எவரும் வரவில்லையானால்? ஷாபிஈ மத்ஹபில் கண்டெடுத்தவர் அதை உடைமையாக்கிக் கொள்ளலாம். ஆனால் ஆண்டு முடிந்ததும் அது தானாகவே அவருடையதாகி விடுவதில்லை. உடைமையாக்கிக் கொள்கிறேன் என்று அவர் மொழிய வேண்டும். ஹனபி மத்ஹபில், கண்டெடுத்தவர் ஏழையானால் தாமே பயன்படுத்தலாம். வசதியுள்ளவரானால் ஸதகா செய்துவிட வேண்டும். இரு மத்ஹபுகளும் ஒன்றுபடும் இடம் ஒன்று உண்டு. அதை நாம் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். உரியவர் பின்னொரு நாள் வந்துவிட்டால் அவருடைய உரிமை உயிரோடுதான் இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபின்படி பொருள் கையில் இருந்தால் பொருளை, செலவாகியிருந்தால் ஈட்டைக் கொடுத்தாக வேண்டும். ஹனபி மத்ஹபின்படி ஸதகாவை அவர் ஒப்புக்கொண்டால் நன்மை அவருக்கு. ஒப்பாவிட்டால் ஈடு கேட்கலாம். ஓராண்டு என்பது உரிமை சாகும் கெடு அல்ல. தேடிக் கொடுக்க வேண்டிய கடமையின் அளவு மட்டுமே.

சிறுவர் கையில் கிடைத்தால்

ஏரி வற்றினால் அங்கே முதலில் இறங்குபவர்கள் பிள்ளைகள்தாம். மாலையில் வீடு திரும்பும் சிறுவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கொலுசையோ காதணியையோ எடுத்துக் காட்டினால் தாய் தந்தையர் என்ன செய்வது? நம் பிள்ளையின் அதிர்ஷ்டம் என்று பெட்டியில் வைப்பது ஆகாது. பொறுப்பாளர் அதைச் சிறுவனின் கையிலிருந்து வாங்கி வைத்து, தாமே அறிவிப்புச் செய்ய வேண்டும் என்பது சட்டம். பிள்ளையிடம் கடிந்து பேசவும் வேண்டாம். இதைத் தொலைத்த ஒரு பெண் வீட்டில் அழுதிருப்பாள் அல்லவா என்று ஒரு வார்த்தை சொல்லி, அறிவிக்கப் போகும்போது அவனையும் உடன் அழைத்துச் செல்லலாம். நேர்மை என்னும் பாடத்தை அவன் அன்று கற்றது போல வேறு எப்போதும் கற்கமாட்டான்.

புதையலின் சட்டம்

புதையலில் ஐந்தில் ஒரு பங்கு உண்டு என்பது நாயகம் (ஸல்) அவர்களின் தீர்ப்பு. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க புகாரீ, முஸ்லிம் நூல்களில் இது வந்துள்ளது. தங்கம் வெள்ளிக்கு ஜகாத் நாற்பதில் ஒன்றாக இருக்க, இங்கே ஐந்தில் ஒன்று. அதாவது 100-க்கு 20. உழைப்பின்றிக் கிட்டிய செல்வத்தில் ஏழைகளுக்குப் பங்கு அதிகம் என்று அறிஞர்கள் இதற்குக் காரணம் காட்டுவர். ஷாபிஈ மத்ஹபில் இது தங்கம், வெள்ளிக்கு மட்டும் உரியது. ஜகாத்தின் அளவை, அதாவது தங்கமாயின் ஏறக்குறைய 85 கிராமை எட்டியிருக்க வேண்டும். ஓராண்டு காத்திராமல் உடனே கொடுத்துவிட வேண்டும். ஹனபி மத்ஹபில் குறைந்த அளவு என்று எதுவுமில்லை. மற்ற உலோகங்களும் இதில் சேரும்.

ஐந்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் மீதி நான்கு பங்கும் நமக்குத்தானே என்று அவசரப்படுபவர்கள் உண்டு. இங்கேதான் நிதானம் தேவை. கிடைத்ததெல்லாம் ரிகாஸ் ஆகிவிடாது. அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. அது இஸ்லாத்துக்கு முந்திய காலத்தவர் புதைத்ததாக இருக்க வேண்டும். குர்ஆன் வாசகமோ முஸ்லிம் அரசரின் பெயரோ பொறித்த நாணயமாக இருந்தால், உரியவர் தெரிந்தால் அவருக்கு, தெரியாவிட்டால் லுகத்தா. எக்காலத்தது என்றே விளங்காவிட்டாலும் லுகத்தாதான். கிடைத்த இடம் யாருடைய உடைமையுமல்லாத தரிசாகவோ, கண்டெடுத்தவரே பண்படுத்திய நிலமாகவோ இருக்க வேண்டும். பிறர் நிலத்தில் கிடைத்தால் கண்டவருக்கு அதில் உரிமையில்லை. பள்ளிவாசலிலோ பொதுப் பாதையிலோ கிடைத்தால் அதுவும் லுகத்தா. ஊர் மக்கள் குளித்தும் துவைத்தும் கால்நடைகளுக்கு நீர் காட்டியும் வரும் ஏரியும் குளமும் உரிமையற்ற தரிசு அல்ல. பொதுப் பாதையோடுதான் அவற்றுக்கு ஒப்புமை நெருக்கமாகத் தெரிகிறது. குறிப்பிட்ட ஓர் இடத்தைப் பற்றிய தீர்ப்பை ஊர் ஆலிமிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

நீர் தொடர்பான ஒரு நுட்பத்தையும் நம் முன்னோர்கள் விட்டுவைக்கவில்லை. புதைந்திருந்த செல்வத்தை வெள்ளம் அரித்து வெளியே காட்டினால் அது புதையலாகவே கருதப்படும். தொடக்கத்திலிருந்தே தரையின் மேல் கிடந்தது என்று தெரிந்தால் அது லுகத்தா. எது என்று தெளிவாகாமல் ஐயம் ஏற்பட்டால் அப்போதும் லுகத்தாவின் சட்டமே. ஏரித் தரையில் ஒரு சாண் வண்டலுக்கடியில் கிடக்கும் மோதிரம் ஒருவர் புதைத்ததன்று. நீரில் நழுவி விழுந்து, வண்டல் படிந்து மூடியது. மண்ணுக்குள் இருந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்து அதைப் புதையல் என்று சொல்லிவிட முடியாது. கண்டெடுத்தவருக்கு ஐயம் வரும் ஒவ்வொரு படியிலும் சட்டம் இழந்தவரின் பக்கமே சாய்வதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

நாட்டுச் சட்டமும் நமது கடமையும்

நாம் எந்த நாட்டில் வாழ்கிறோமோ அந்நாட்டின் சட்டத்திற்குக் கட்டுப்பட்டே வாழ்கிறோம். ஒப்புக்கொண்ட நிபந்தனைகளைக் காப்பது முஸ்லிமின் கடமை. மேலே சொன்ன மீட் ஏரி, அமெரிக்காவின் தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. அத்துறையின் இடங்களில் உலோகம் காட்டும் கருவியைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, பிரித்துக் கட்டி வைக்காமல் கையில் வைத்திருப்பதுகூடத் தடை. அங்கே தற்செயலாகக் கண்ணில் பட்டு எடுத்த பொருளை அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். குறைந்தது 60 நாட்கள் வைத்திருந்து, உரியவர் வராவிட்டால் கண்டெடுத்தவர் கோரலாம் என்பது விதி. அப்படித் திரும்பக் கிடைத்தாலும், 60 நாளோடு நம் மார்க்கக் கடமை முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அந்நாட்டு மத்திய அரசின் நிலங்களில் 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொன்மைச் சின்னங்களை அனுமதியின்றி எடுப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேறு ஏரிகளில் அனுமதி இருக்கலாம். அதைக் கேட்டறிந்த பிறகே இறங்க வேண்டும்.

நம் நாட்டில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்து வெளிப்பட்ட பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால், என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று மாவட்ட ஆட்சித் தலைவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், தண்டனையும் வரும். தவறிய பொருளைப் பற்றி 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவு பேசுகிறது. உரியவரிடம் சேர்ப்பதற்காக எடுத்து வைப்பது குற்றமாகாது. உரியவரைக் கண்டறியத் தக்க முயற்சி செய்யாமலும், தக்க காலம் காத்திராமலும் தனதாக்கிக் கொள்வது குற்றமாகும். நம் மார்க்கம் முன்பே கற்பித்திருப்பதற்கு இது எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது!

பிற சமயத்தாரின் பொருளும் இறந்தோரின் எச்சமும்

மூழ்கிய ஊர்களில் கோயில் மணியோ விளக்கோ, ஆலயத்தின் பாத்திரமோ கிடைக்கலாம். அது அந்தச் சமூகத்தாரின் உடைமை. தம்மைக் கொல்லத் துணிந்த மக்கத்துக் குறைஷிகளின் அமானிதங்களையும் உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக, ஹிஜ்ரத்தின்போது அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அந்த நபியின் உம்மத்தாகிய நாம், அண்டை வீட்டாரின் பொருளில் கை வைக்கலாமா? அதிகாரிகள் வழியாக ஒப்படைத்துவிடுவதே நமக்கு அழகு.

தோண்டும்போது எலும்பு தென்பட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என்பது நபிமொழியின் கருத்து. அது மூழ்கிய கபுராக இருக்கலாம். குற்றம் ஒன்றின் தடயமாக இருக்கலாம். காணாமற் போனவரை எதிர்பார்த்திருக்கும் ஒரு தாய்க்கு விடையாகவும் இருக்கலாம். தொடாமல், கலைக்காமல், காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆசையின் எல்லை

ஈராக்கில் டைக்ரிஸ் ஆற்றின் மோசூல் நீர்த்தேக்கத்தில், வறட்சிக் காலத்தில் பயிர்களுக்காக நீர் திறந்துவிடப்பட்டதால் நீர்மட்டம் இறங்கி, சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முந்திய மித்தன்னி அரசின் நகரம் ஒன்று வெளிப்பட்டது. 2022-ன் தொடக்கத்தில் குர்திய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதனை அவசரமாக ஆராய்ந்தார்கள். ஐந்து மண்பாண்டங்களில் 100-க்கு மேற்பட்ட களிமண் எழுத்துப் பலகைகள் கிடைத்தன. பிறகு அந்தச் சுவர்களைப் பிளாஸ்டிக் விரிப்பாலும் சரளைக் கல்லாலும் மூடிக் காத்தார்கள். நீர் மீண்டும் ஏறியது. இரவில் ஒருவர் மண்வெட்டியோடு வந்து அந்தப் பாண்டங்களை உடைத்திருந்தால், உலகம் ஒரு வரலாற்றையே இழந்திருக்கும். அவருக்கோ தங்கம் கிடைத்திராது, களிமண்தான் கிடைத்திருக்கும்.

அதே ஈராக்கில் ஓடும் யூப்ரடீஸ், அதாவது புராத் நதியைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் எச்சரிக்கை விடுத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் அந்நதி பொற்குவியலை வெளிப்படுத்தும். அங்கே இருப்பவர் அதில் எதையும் எடுக்க வேண்டாம் என்பது அதன் கருத்து. அதற்காக மக்கள் ஒருவரையொருவர் வெட்டி மடிவார்கள் என்றும் வந்துள்ளது. இது எந்த ஆண்டு நிகழும் என்று கணக்குப் போட நமக்கு அதிகாரமில்லை. நதி வற்றும் போதெல்லாம் வதந்தி பரப்புவதும் கூடாது. கண்ணெதிரே கிடக்கும் பொன்னையும் விட்டுவிட்டு நடக்கும் உறுதியை மூமின் பழகிக்கொள்ள வேண்டும் என்ற படிப்பினையே நமக்குரியது.

இதற்கு நேர் எதிரான அழகிய நிகழ்ச்சி ஒன்றையும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். முன்னோர் காலத்தில் ஒருவர் நிலம் வாங்கினார். அதில் ஒரு பானை நிறையப் பொன் இருந்தது. நான் நிலத்தைத்தான் வாங்கினேன், பொன்னை வாங்கவில்லை என்று விற்றவரிடம் கொண்டுபோனார். விற்றவரோ, நிலத்தோடு எல்லாவற்றையும் விற்றுவிட்டேன் என்று மறுத்தார். இருவரும் மற்றொருவரிடம் நியாயம் கேட்டுப் போனார்கள். அவர், ஒருவரின் மகனுக்கு மற்றவரின் மகளை மணமுடித்து, அந்தப் பொன்னை அவர்களுக்குச் செலவிட்டுத் தருமமும் செய்யச் சொன்னார். எனக்கு எனக்கு என்று வழக்காடுவதைக் கண்ட நமக்கு, எனக்கு வேண்டாம் என்று வழக்காடிய இருவரின் கதை வெட்கத்தைத் தருகிறது.

கருவியை நன்மைக்குத் திருப்பலாம்

அப்படியானால் இந்தக் கருவியே ஹராமா? இல்லை. கருவி ஒரு கருவிதான். எண்ணமே அதற்கு நிறம் தருகிறது. நீச்சலின்போது கல்யாண மோதிரத்தை இழந்தவருக்காகக் கருவியோடு சென்று தேடிக் கொடுக்கும் அன்பர்கள் மேல்நாடுகளில் இருக்கிறார்கள். தேடித் தருபவருக்கு இவ்வளவு தருவேன் என்று இழந்தவர் முன்கூட்டியே அறிவித்திருந்தால் அந்தக் கூலியை வாங்குவதும் ஹலாலே. இதனை ஜுஆலா என்பர். அரசரின் பாத்திரத்தைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று அறிவிக்கப்பட்டதை யூஸுப் அத்தியாயத்தில் படிக்கிறோம். ஆனால் எந்த வாக்குறுதியும் இல்லாதபோது, பணம் தந்தால்தான் மோதிரத்தைத் தருவேன் என்று பிடித்து வைத்துக்கொள்வதற்கு உரிமை கிடையாது. மனமுவந்து தந்தால் பெற்றுக்கொள்ளலாம்.

இறுதியாக ஒன்று. தோண்டியவர் குழியை மூடிவிட்டு வர வேண்டும். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று. ஏரித் தரையில் விட்ட குழி கோடையில் கண்ணுக்குத் தெரியும். மழை பெய்து நீர் நிறைந்தால் தெரியாது. குளிக்க இறங்கும் சிறுவனின் கால் அங்கேதான் தவறும். ஒரு காசுக்காகத் தோண்டிய குழி ஓர் உயிருக்குப் பொறுப்பாகிவிடக் கூடாது.

நினைவில் வைக்க வேண்டியவை

1. நிலம் யாருடையது, தேட அனுமதி உண்டா என்பதை இறங்குமுன் கேட்டறிக.

2. பொருள் கிடைத்தால் சாட்சி வைத்து, அடையாளங்களை எழுதி வைத்துக்கொள்க, மறைக்காதீர்.

3. உரியவர் தெரிந்தால் அவரிடமே சேர்க்க. தெரியாவிட்டால் முறைப்படி அறிவிக்க.

4. புதையலா, தவறிய பொருளா என்ற ஐயம் வந்தால் தவறிய பொருளாகவே கொள்க. புதையலென உறுதியானால் அரசாங்கத்துக்குத் தெரிவித்து, முறைப்படி கைக்கு வந்ததில் ஐந்தில் ஒரு பங்கைப் பற்றி ஆலிமிடம் கேட்டுச் செய்க.

5. எலும்போ கபுரோ தென்பட்டால் நிறுத்துக, தெரிவிக்க.

6. குழியை மூடுக.

மறுமை நாளில் நம் செல்வத்தைப் பற்றி எப்படி ஈட்டினாய், எதில் செலவிட்டாய் என்ற இரண்டு கேள்விகள் காத்திருக்கின்றன. ஏரியில் கிடைத்தது என்ற பதில் அங்கே போதாது. யாருடையது என்று தேடினாயா என்ற கேள்வி அடுத்து வரும். அந்தக் கேள்விக்கு இன்றே விடை தயார் செய்துகொள்வோமாக. ஹலாலானதைக் கொண்டு போதுமாக்கிக் கொள்ளும் மனத்தையும், பிறர் உரிமையை உரியவரிடம் சேர்க்கும் உறுதியையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.